புகை போகாத பக்கம்

ஈயின் தலையைப் பிய்ப்பதை ஒரு வேலையாகச் செய்தவன் நான். ‘தம்பி துபாய்ல லேப்ல இருக்கான்’ என்று அக்கா ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். துபாயும் இல்லை, சொல்லிக்கொள்ளும்படியான லேபும் இல்லை. ஷார்ஜாவிலிருந்து தைத் என்கிற ஊருக்குப் போகிற சாலையில் ஒரு தனியார் கால்நடை ஆஸ்பத்திரி. அதன் பின்பக்கம் ஏசித் தண்ணீர் ஒழுகும் ஓர் அறை, ஒரு மைக்ராஸ்கோப், ஒரு ஃபிரிட்ஜ். ஃபிரிட்ஜின் மேல் தட்டில் ஒட்டக ரத்தம், கீழ்த் தட்டில் என் மோர். விலங்கியலில் பட்டம் வாங்கியதற்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான். வாடகை குறைவென்று அஜ்மானில் ஓர் அறையில் மற்றவர்களோடு நெருக்கியடித்துப் படுத்து எழுந்து, காலையில் ஆஸ்பத்திரி வேனில் போய்வந்துகொண்டிருந்தேன்.

ஒட்டகப் பந்தயத்தில் மேலே உட்கார்ந்து ஓட்டும் ஆட்களை இறக்கிவிட்டு, ரிமோட்டில் சாட்டை சுழற்றும் பொம்மைகளை முதுகில் கட்டிவிட்ட புதிது. ஒட்டகங்கள் ஓட, முதலாளிகள் பக்கத்திலேயே காரில் போய்க்கொண்டு ரிமோட்டை அழுத்துவார்கள். அதைப் பார்த்து நானும் அத்தானும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம். அந்த மண்ணில் அத்தானோடு நான் சிரித்தது என்று யோசித்தால் அந்த ஒரு நாள்தான் ஞாபகம் வருகிறது.

அத்தான் என் அக்காவின் கணவர். ராமநாதபுரம் பக்கம், மாடுகளோடு வளர்ந்தவர். எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒட்டகம் கொண்டுவரும் ஓர் அர்பாப் பால் ஒட்டகங்களைப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டார். அங்கே முதலாளி எல்லாருமே அர்பாப்தான். ஊரில் மழை ஏமாற்றிய வருஷம் அது, அத்தான் விசாவில் வந்துவிட்டார். வந்த அன்று ஒட்டகத்தைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

“திமிலு நடுவுல வந்துருச்சு. மத்தபடி மாடுதான் மாப்ள.”

மாடு மாதிரியே நடத்தவும் செய்தார். தமிழில்தான் அதட்டுவார், தமிழில்தான் கொஞ்சுவார். அவையும் சொன்னபடி கேட்டன. அர்பாபுக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது. வெள்ளிக்கிழமை பிரியாணி வந்தால் முதல் தட்டு அத்தானுக்குத்தான்.

ஒட்டகம் வளர்க்கும் அந்த இடத்தை எஸ்பா என்பார்கள். மணல் நடுவே கம்பிவேலி, தகரக் கூரை, தண்ணீர்த் தொட்டி, ஆள் தங்க ஓர் அறை. அர்பாபின் எஸ்பாவை ஒட்டி, ஒரே வேலியைப் பொதுவாக வைத்து அவருடைய அண்ணனின் எஸ்பா இருந்தது. அண்ணன் வைத்திருந்தது பந்தய ஒட்டகங்கள். தேனும் பேரீச்சம்பழமும் தின்னும் செல்லங்கள். அவற்றைப் பார்த்துக்கொள்ளப் பாகிஸ்தானிலிருந்து வந்த ஒரு பலூச்சிக்காரர் இருந்தார். இரண்டுக்கும் பின்னால் ஜத் என்கிற பசும்புல் வயல், நாள் முழுக்கத் தண்ணீர் பாயும். அந்த ஈரத்தில்தான் எமன் முட்டையிட்டது.

வீட்டு ஈ இல்லை. கட்டைவிரல் நகம் அளவுக்குப் பெரிய கடி ஈ. ஊசி மாதிரி குத்தாது, கத்தி மாதிரி அறுக்கும். கடித்த இடத்தில் ரத்தம் சொட்டும், அதை நக்கிக் குடிக்கும். ஒட்டகம் உதறினால் பாதி வயிற்றோடு பறந்து அடுத்த ஒட்டகத்தில் உட்கார்ந்து மீதி வயிற்றை நிரப்பிக்கொள்ளும். குளிர் போய் வெயில் ஏறத் தொடங்கியதும் அவை கூட்டமாக வந்தன.

அத்தானுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வேலியோரம் வேம்பு நின்றது, அமீரகத்தில் எங்கே பார்த்தாலும் நிற்கும். காய்ந்த சாணத்தைக் குவித்து, பச்சை வேப்பிலையைப் போட்டு, காலையிலும் மாலையிலும் மூட்டம் போட்டார். கூடவே இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு சிட்டிகை திருநீற்றை எடுத்து நெருப்பில் போட்டுக் குலசாமியை முணுமுணுப்பார். எங்கள் ஊரில் மாட்டுக்கு மூட்டம் போடும் எல்லாரும் செய்வதுதான் அது. பொழுது சாயும் நேரத்தில் எங்கள் தெருவே புகையும். ஒரு வீட்டில் போட்டு அடுத்த வீட்டில் போடாமல் இருக்க விட மாட்டார்கள். “ஏத்தா, இன்னும் மூட்டம் போடலையா?” என்று சுவருக்கு மேலாகக் குரல் வரும். ஏன் எல்லாரும் ஒரே நேரத்தில் போடுகிறார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

ஒருநாள் அண்ணன் வேலியருகே வந்து நின்று கோபப்பட்டார். பந்தய ஒட்டகத்துக்கு நெஞ்சில் புகை போனால் மூச்சு வாங்கும், ஓடாது, இந்தப் பக்கம் புகை வரவே கூடாது என்றார். நியாயம்தானே என்று அத்தான் அன்றைக்கே மூட்டத்தை இடம் மாற்றினார். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று மணலைத் தூவிப் பார்த்து, புகை தன் ஒட்டகங்கள் மேல் மட்டும் போய் வெறும் மணலுக்குள் கலைகிற மாதிரி ஓர் இடம் பிடித்தார். அண்ணன் பக்கம் ஓர் இழை போகாது. பலூச்சிக்காரரிடம் தனக்குத் தெரிந்த உருதுவில், “பாய், நீயும் போடு, இல்லன்னா ஈ எல்லாம் உன் பக்கம் வந்துரும்” என்றும் சொல்லியிருக்கிறார். அவர் சிரித்துக்கொண்டே, என் அர்பாப் விட மாட்டார் என்று கையை விரித்திருக்கிறார். இதை அத்தானே என்னிடம் சொன்னார். மற்றவருக்குச் சங்கடம் தராமல் வேலையை முடித்த திருப்தி அவர் முகத்தில் இருந்தது.

பிறகு அண்ணன் பக்கம் ஒட்டகங்கள் விழத் தொடங்கின. முதலில் காய்ச்சல். இறங்கும், ஏறும். கண்ணில் நீர். திமில் வற்றிச் சரியும், அடிவயிறு வீங்கும். சினையாக இருந்தது கன்றைப் போட்டுவிட்டுச் செத்தது. அடுத்து இன்னொன்று. வேலிக்கு இந்தப் பக்கம் அத்தானின் பால் ஒட்டகங்கள் கொழுகொழுவென்று அசைபோட்டுக்கொண்டிருந்தன.

இதைவிடப் பெரிய சாட்சி வேறென்ன வேண்டும்? அவன் நெருப்பில் வெள்ளைப் பொடி போடுகிறான், ஏதோ மந்திரம் சொல்கிறான் என்று பலூச்சிக்காரர் எதார்த்தமாகச் சொல்லியிருக்கிறார். அண்ணனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ‘சிஹ்ர்’ என்றார். சூனியம். அத்தானின் மொபைலை வாங்கிக்கொண்டு, புல் கட்டுகள் அடுக்கும் அறையில் உட்காரவைத்தார்கள். பூட்டவில்லை. நாலு பக்கமும் மணல், பாஸ்போர்ட் அர்பாப் கையில், பூட்டு எதற்கு?

அர்பாபே எனக்கு போன் செய்தார். நான் போய் நின்றபோது அத்தான் புல் கட்டின்மேல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, “என்னத்துக்கு மாப்ள இவ்வளவு கோவமா இருக்காக?” சூனியம் என்கிறார்கள் என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். “நம்மூர்லகூட நம்மளை எவனும் அப்படிச் சொன்னதில்லயே.” எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஒரு வார்த்தைக்கு அந்த நாட்டில் என்ன நடக்கும் என்று காம்ப்களில் பேசிக் கேட்டிருக்கிறேன்.

அண்ணனிடம் போய், இது ஈயால் வரும் நோய், ரத்தத்தில் பூச்சி என்று கெஞ்சினேன். அவர் கெட்டவர் இல்லை என்பதை இப்போதாவது சொல்ல வேண்டும். தான் கையால் பால் கொடுத்து வளர்த்த ஒட்டகங்கள் சாவதைப் பார்த்துப் பார்த்து அவர் கண்கள் குழிவிழுந்திருந்தன.

“ஒட்டகத்தின் ரத்தத்தில் பூச்சி இருந்தால் அதை இவன் அனுப்பவில்லை என்று எப்படித் தெரியும்?” என்று கேட்டார். “ஈ கொண்டுவந்தது என்கிறாய். ஈயிடம் காட்டு.”

அப்போது மிச்சமிருந்ததில் அவருக்கு உயிரானது ஒரு பெண் ஒட்டகம். அதற்கும் காய்ச்சல் கண்டிருந்தது. ஊசி எதுவும் போடக்கூடாது என்று ஓதி ஊதிய தண்ணீர் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தார். அது சாவதற்குள் ஈயிடம் காட்டினால் சரி. செத்துவிட்டால் மறுநிமிடம் போலீஸ். “கலாஸ்,” என்று முடித்துவிட்டார். நீ காட்டு, அண்ணனிடம் நான் பேசுகிறேன் என்று அர்பாப் என் தோளைத் தொட்டுச் சொன்னார்.

எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர் சூடான்காரர். வயதானவர், அதிர்ந்து பேசாதவர், பொய் சொல்லவே தெரியாதவர். அவர் முன்னால் போய் நின்று அழுதுவிட்டேன். அவர் இளவயதில் தன் நாட்டின் தெற்கே காடுகளில் செட்சி ஈ பிடித்து அறுத்தவர். மனிதனுக்குத் தூக்க நோயும் மாட்டுக்கு மெலிவு நோயும் கொடுக்கும் ஈ அது. அந்த நோய்களை உண்டாக்கும் ரத்தப் பூச்சியின் பங்காளிதான் இங்கே ஒட்டகத்தைக் கொல்வதும். அங்கே பூச்சி செட்சி ஈயின் வயிற்றுக்குள் போய்க் குடியேறும், பெருகும், வாய்க்குத் திரும்பி வரும். ஒருமுறை தொற்றிய ஈ சாகும்வரை அதைச் சுமக்கும். நாள் முழுக்க அறுத்தால் ஏதோ ஓர் ஈயில்தான் இருக்கும். ஆனால் இருந்தால் இருக்கும், மறுநாள் அறுத்தாலும் இருக்கும்.

“இங்கே அப்படி இல்லை,” என்றார் டாக்டர். “இந்த ஈ வெறும் அழுக்குக் கத்தி. வாயில் ஒட்டிய ரத்தம் காய்கிறவரைதான் பூச்சி உயிரோடு இருக்கும். அதற்குள் அடுத்த ஒட்டகத்தைக் கடித்தால் நோய். கடிக்காவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஆகிவிடும்.”

கொலை செய்துவிட்டு, பறக்கும்போதே கைகழுவிக்கொள்ளும் ஈயிடம் நான் சாட்சி வாங்க வேண்டும். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஈயின்மேலா, அண்ணன்மேலா, என் படிப்பின்மேலா என்று தெரியவில்லை.

இருந்தாலும் டாக்டர் சொன்னபடி பொறி வைத்தோம். நீலமும் கறுப்பும் சேர்ந்த துணியைக் கண்டால் ஈ வரும் என்று அவர் காட்டில் கற்றிருந்தார். நீலத் துணிக்கு அங்கே பஞ்சமா? தொழிலாளர் காம்ப்கள் நிறைந்த சோனாப்பூரில் தெரிந்தவர் ஒருவரிடம் பழைய நீலக் கவரால்களை வாங்கிவந்து, கிழித்து, கறுப்புத் துணியோடு சேர்த்துக் கூடாரம் மாதிரி தைத்து வேலியோரம் கட்டினேன். ஈ கொத்துக்கொத்தாக விழுந்தது. லேபில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தலையைப் பிய்த்து, வாயை உப்புத் தண்ணீரில் நசுக்கிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அடுத்தது, ஒன்றுமில்லை. கண் எரிந்து நீர் கோத்து, கண்ணாடித் துண்டெல்லாம் கலங்கித் தெரியும்வரை பார்த்தேன். எல்லா ஈயும் உத்தமன்கள். ஒருநாள் தட்டோடு தூக்கிச் சுவரில் அடித்தேன். பிறகு நானே கூட்டிப் பெருக்கினேன்.

அக்கா போன் செய்வாள். “அவரு ஏன் தம்பி பேச மாட்டேங்குறாரு?” பாலைவனத்தில் டவர் இல்லை என்பேன். “நீ பாத்தியா?” பார்த்தேன், நன்றாக இருக்கிறார் என்பேன். “சாப்புட்டாராமா?” சாப்பிட்டார் என்பேன். ஒவ்வொரு பொய்க்கும் அவள் ஒரு ‘சரிப்பா’ சொல்வாள். போனை வைத்துவிட்டு பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதிருக்கிறேன். ஒரே அறையில் இத்தனை பேர் இருந்தால் அழுவதற்கு வேறு இடம் ஏது?

இடையில் அந்தப் பெண் ஒட்டகத்தின் காய்ச்சல் இறங்கிவிட்டது. அண்ணன் ஓதிய தண்ணீரால் குணம் என்று நம்பினார். டாக்டர் தலையாட்டினார். பூச்சி ரத்தத்தில் குறைந்து ஒளிந்திருக்கிறது, மறுபடி பெருகும்போது காய்ச்சல் ஏறும், அப்போதுதான் ஈயின் வாயில் சிக்கும், அதை விட்டால் ஒட்டகம் தாங்காது என்றார். ஆக, ஓர் உயிர் பிழைக்க இன்னோர் உயிருக்குக் காய்ச்சல் வர வேண்டும். ‘சீக்கிரம் வரட்டும்’ என்று நான் வேண்டிக்கொண்டேன். இப்படி ஒரு வேண்டுதலை எந்தச் சாமியிடம் வைப்பது என்றுகூடத் தெரியாமல் பொதுவாக வேண்டிக்கொண்டேன்.

வந்தது. ஒரு முற்பகலில் அர்பாப் போன் செய்தார். ஒட்டகம் தலையைத் தரையில் போட்டுவிட்டது, யல்லா, வா என்றார். டாக்டர் அலமாரியிலிருந்து தன் பழைய மைக்ராஸ்கோப்பை எடுத்தார். கரண்ட் வேண்டாம். அடியில் ஒரு கண்ணாடி, அதை வெயிலுக்குத் திருப்பினால் போதும். காட்டில் செட்சி ஈ அறுத்த காலத்து மைக்ராஸ்கோப். பிக்கப் வண்டியின் பின்கதவைச் சாய்த்து அதையே மேசையாக்கினோம். நான் ஒட்டகத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். ஈ வந்து உட்காரும். அறுக்க விட வேண்டும். ரத்தம் கசிந்து அது வாயை வைத்துக் குடிக்கத் தொடங்கியதும் கண்ணாடிக் குழாயைக் கவிழ்க்க வேண்டும். ஓடிவந்து தலையைப் பிய்க்க வேண்டும். ஒரு சொட்டு உப்புத் தண்ணீர், நசுக்கு, மூடு, பார்.

என் கையையும் கழுத்தையும் கடித்தன. விரட்டினால் ஒட்டகத்தின் மேல் இருப்பதும் பறந்துவிடும் என்று அசையாமல் இருந்தேன். புல் அறையின் வாசலில் அத்தான் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “மாப்ள, நாலு வேப்பிலையப் பத்தவைக்கட்டுமா, உன்னையப் புடுங்குதே” என்று கத்தினார். கையைக் காட்டி அடக்கினேன்.

எத்தனையாவது ஈ என்று தெரியாது. குனிந்து பார்த்தேன். ஒட்டகத்தின் ரத்த அணுக்கள் முட்டை வடிவம். அவை பாட்டுக்குக் கிடந்தன. ஓர் ஓரத்தில் மட்டும் கூட்டத்தில் யாரோ முண்டியடித்துக்கொண்டு வருவது மாதிரி அணுக்கள் தள்ளுப்பட்டன. பிறகு அது தெரிந்தது. மெல்லிய, நெளியும், வாலைச் சுழற்றும் ஒன்று. பக்கத்தில் இன்னொன்று. கல்லூரியில் படம் வரைந்து பாகம் குறித்த டிரிப்பனோசோம். கடவுளை நேரில் பார்த்தால்கூட நான் அப்படிக் கத்தியிருக்க மாட்டேன்.

அண்ணன் ஓடிவந்தார். வெள்ளைக் கந்தூரா அங்கியோடு மணலில் மண்டியிட்டு ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. எங்கே அதற்குள் காய்ந்துவிடுமோ என்று என் உயிர் போனது. “சுப்ஹானல்லாஹ்” என்றார் மெதுவாக. எழுந்தபோது அவர் முகம் இளகியிருந்தது. ஈயின் கிழிந்த தலையையும் ஒட்டகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். டாக்டர் எல்லாவற்றையும் நிதானமாக விளக்கினார். இதைக் கடித்து அதைக் கடிக்கும், வாய் காய்வதற்குள் கடித்தால் நோய், அவ்வளவுதான், இதில் சூனியம் எதுவும் இல்லை. அண்ணன் அத்தானைக் கைகாட்டி அழைத்தார்.

“சிஹ்ர் மாஃபி,” என்றார். சூனியம் இல்லை.

அத்தான் கும்பிட்டார். என்னைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அக்காவுக்கு இன்றைக்கே போன் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணன் வேலியை ஒருமுறை பார்த்தார். அணைந்துகிடந்த மூட்டத்தின் கரியைப் பார்த்தார். பிறகு சண்டைக்காரக் குரலில் இல்லை, விவசாயி விவசாயியைக் கேட்கிற குரலில் அத்தானைக் கேட்டார். நீ புகை போட்டால் ஈ எங்கே போகும்?

புகை, ஈ இரண்டுக்கும் அரபிச் சொல் அத்தானுக்குத் தெரிந்திருந்தது. கேள்வி புரிந்துவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பதில் சொன்னார். தனக்குத் தெரிந்த விஷயத்தை ஒருவர் மதித்துக் கேட்கிறார் என்ற சந்தோஷத்தில், கையை நீட்டி அண்ணனின் எஸ்பாவைக் காட்டினார்.

“ருஹ் ஹினாக்.”

அங்கே போகும்.

அண்ணன் கை போன திசையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “உனக்கு இது முன்பே தெரியுமா?”

“ஐவா,” என்றார் அத்தான். ஆமாம். பிறகு என் பக்கம் திரும்பி, “சொல்லு மாப்ள, எங்க ஊர்ல பச்சப்புள்ளைக்குக்கூடத் தெரியும்னு சொல்லு. ஒருத்தன் மட்டும் போட்டா அடுத்தவன் மாட்டுக்குப் போயிரும். அதான் நாங்க எல்லாரும் ஒண்ணாப் போடுவோம்னு சொல்லு.”

நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அண்ணன் டாக்டரிடம் திரும்பி, புகை இல்லாமல் இருந்திருந்தால் என் ஒட்டகங்கள் பக்கம் இத்தனை ஈ வந்திருக்குமா என்று கேட்டார். டாக்டர் தரையைப் பார்த்தார். ஒரு பொய், ஒரே ஒரு பொய் என்று என் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. “குறைவாகத்தான் வந்திருக்கும்” என்றார் அந்த நல்ல மனிதர்.

நான் கத்தினேன். நீங்கள்தானே புகை வரக்கூடாது என்றீர்கள், அதற்காகத்தானே அவர் இடம் மாற்றினார் என்றேன். ஈ வரும் என்று இவன் சொன்னானா என்று அண்ணன் கேட்டார். சொன்னார், உங்கள் ஆளிடம் சொன்னார் என்று பலூச்சிக்காரரின் கையைப் பிடித்து இழுத்தேன். “பாய், சொல்லுங்க பாய்!” அவர் என் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். “முஜே நஹி மாலூம்” என்றார், எனக்குத் தெரியாது. அவருக்கும் ஒரு பாஸ்போர்ட் அண்ணனின் பெட்டிக்குள் இருந்தது. அன்றைக்கு அவரைக் கொன்றுவிடலாம் போல வெறி வந்தது. இன்று அவ்வளவு இல்லை. பேசுகிறேன் என்ற அர்பாப் அண்ணன் முன்னால் வாய் திறக்கவே இல்லை.

சூனியம் என்ற வார்த்தை போய்விட்டது. அது வெறும் சந்தேகமாக இருந்தது. அதன் இடத்தில் மைக்ராஸ்கோப்பும் டாக்டரும் நானும் சேர்ந்து நிரூபித்த ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. டாக்டர் ஒட்டகத்துக்கு ஊசி போட்டார். அது எழுந்து நிற்பதற்கு முன்பே போலீஸ் வண்டி வந்துவிட்டது. வண்டியில் ஏறும்போதும் அத்தானுக்கு எதுவும் விளங்கவில்லை. “அதான் இல்லன்னு சொல்லிட்டாகளே மாப்ள, அப்பறம் என்னத்துக்கு?” என்று கேட்டுக்கொண்டே ஏறினார்.

வழக்கை என்ன பிரிவில் எழுதினார்கள் என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. ஜெயிலில் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அத்தான் முதல் தடவை கேட்டது, “ஒட்டகத்துக்கு யாரு மூட்டம் போடுறா?” அடுத்த தடவை போனபோது ஆள் இளைத்திருந்தார். ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்:

“அதுக செத்ததுக்கு நாந்தான் காரணமா மாப்ள?”

இல்லை என்றேன். பூச்சி, ஈ, ஈரம், அண்ணனின் பிடிவாதம் என்று படித்ததெல்லாம் கொட்டினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். “நீ படிச்சவன். நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு ரிசீவரை வைத்துவிட்டார். ஒரு கோடையும் ஒரு குளிரும் கழித்து அவரை விமானம் ஏற்றி அனுப்பினார்கள். பிழைத்த ஒட்டகம் அந்தக் குளிரில் பந்தயம் ஓடியது, ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் இனிப்பு வந்தது. நான் தொடவில்லை.

அடுத்த லீவில் ஊருக்குப் போனேன். தெருவில் மாடு வைத்திருப்பவர்கள் இரண்டு மூன்று வீடுதான். மூட்டம் போடும் பழக்கம் விட்டுப்போயிருந்தது. அத்தான் வீட்டில் ஒரு பசு. பக்கத்து வீட்டில் ஒன்று. பொழுது சாயும் நேரத்தில் ஈ மொய்த்து, பசு காலை உதைத்து உதைத்துக் குளம்பால் தரையைத் தோண்டிவைத்திருந்தது. பார்க்கச் சகிக்காமல் நான் பழைய சட்டியில் நெருப்பு அள்ளி, வேப்பிலை போட்டுக் கொண்டுவந்து வைத்தேன். புகை எழும்பியதும் அத்தான் உள்ளே இருந்து ஓடிவந்தார். வாளித் தண்ணீரை அப்படியே சட்டியில் கொட்டினார்.

“ஏன் அத்தான்?” என்றேன்.

“பக்கத்து வீட்டுலயும் மாடு இருக்குல்ல,” என்றார்.

பிறகு தோள் துண்டை எடுத்துப் பசுவின் மேல் வீசி ஈயை ஓட்டத் தொடங்கினார். ஓட்டிய ஈ எங்கே போகிறது என்று கண்ணாலேயே துரத்தினார். அது சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டு மாட்டின் முதுகில் போய் உட்கார்ந்தது. அவர் சுவரேறிக் குதித்து, அங்கேயும் துண்டை வீசினார். அந்த வீட்டுப் பெண் வாளியை நகர்த்திவைத்துவிட்டு விலகி நின்றாள், இது புதிதில்லை என்று தெரிந்தது. ஈ திரும்ப எங்கள் பக்கம் வந்தது. அவரும் சுவரேறித் திரும்ப வந்தார்.

“ஈ அடங்குற வரைக்கும் இப்படித்தான் தம்பி,” என்றாள் அக்கா. “தெனமும்.”